நல்லவாடு போயிருக்கீங்களா?

வீக் எண்ட் பாண்டிச்சேரி ட்ரிப் ப்ளான் பண்ணியாச்சா? ராக் பீச், ஆரோவில், பிரெஞ்சு வீதியில் நாலு போட்டோ... எல்லாம் ஓகே. அப்படியே கடலூர் பஸ்ஸைப் பிடிச்சு தவளக்குப்பத்தில் இறங்குங்க. அங்கிருந்து கிழக்கே திரும்பி கடலை நோக்கிப் போனா, நல்லவாடு. மீனவ கிராமம். 'பார்க்க என்ன இருக்கு?'ங்கறீங்களா? பார்க்க இல்லை பாஸ், கேட்க இருக்கு. ஒரு லவுட் ஸ்பீக்கரோட கதை!

எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998-ல் புதுச்சேரி கிராமங்களில் அறிவு மையங்களைத் தொடங்கியது. அலை உயரம் பற்றிய கணிப்பு அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்தில் இருந்தது. ஆனா, ஆங்கிலத்தில்! நல்லவாட்டுக்கு வடக்கே இருக்கும் வீராம்பட்டினத்தில் அதை எடுத்து, தமிழாக்கி, ஸ்பீக்கரில் அறிவித்தார்கள். கரையில் வலையைச் சரிபண்ணிக்கிட்டே காதில் வாங்கிக்கலாம். நல்லவாட்டிலும் அப்படி ஒரு மையமும் ஸ்பீக்கரும் வந்தன.

2004 டிசம்பர் 26. சிங்கப்பூரில் வேலை பார்த்த நல்லவாட்டுக்காரர் ஒருவர் சுனாமி செய்தி தெரிஞ்சதும் ஊருக்குப் போன் போட்டார். ஜனங்க மையத்தின் கதவை உடைச்சு, ஸ்பீக்கரில் எச்சரிச்சாங்க. படகுகள் போச்சு. ஆனா, ஆயிரக்கணக்கானவர்கள் உயிர் பிழைச்சாங்க. அந்த ஸ்பீக்கர் சுனாமிக்காக வாங்கினதில்லை. தினமும் அதில் கேட்டுப் பழகியதால்தான் அன்றைக்கும் நம்பி ஓடினாங்க.

இப்போ நம்மகிட்ட கருவிகளுக்குக் குறைவில்லை. ஐதராபாத்தில் இருக்கும் இன்காய்ஸ் நிறுவனத்தில் 2007-ல் சுனாமி எச்சரிக்கை மையம் வந்தாச்சு. மீன் எங்கே கூடும் என்று சாட்டிலைட் தகவலை வைத்துச் சொல்வதும் அவங்கதான். சென்னை பள்ளிக்கரணையில் இருக்கும் தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகம் நடுக்கடலில் மிதவைகளை நிறுத்தி வெச்சிருக்கு. காற்று, அலை, நீரின் வெப்பம் எல்லாத்தையும் அளந்து சாட்டிலைட் வழியா அனுப்பும். ஒரே சிக்கல்... மிதவைக்குக் கீழே மீன் கூடும். மீன் கூடினா படகும் வரும். கயிறு கட்டி, வலை சிக்கி, மிதவை சேதமாகும். 'இது உங்க கடல் ரிப்போர்ட்டுக்கான கருவி'ன்னு குப்பம் குப்பமா போய்ச் சொல்வதும் கடல் விஞ்ஞானத்தில் பாதி வேலை!

சொன்ன எச்சரிக்கை போய்ச் சேராவிட்டால்? 2024 மே 6. கன்னியாகுமரி மாவட்டம் லெமூர் கடற்கரையில் 5 மருத்துவ மாணவர்கள் அலையில் சிக்கி இறந்தார்கள். உங்க வயசுதான். 'கள்ளக்கடல்' எச்சரிக்கை முன்னாடியே வந்திருந்தது. தெற்கே எங்கோ தொலைவில் வீசும் புயல்காற்று எழுப்பும் அலைகள், உள்ளூரில் காற்றே இல்லாதபோதும் திருடன் மாதிரி கரையேறுவதுதான் கள்ளக்கடல். கேரள மீனவர்கள் வைத்த பெயர். விஞ்ஞானிகளும் இப்போ அதையேதான் சொல்றாங்க.

ஆக, கடலைக் கண்காணிக்கும் திட்டத்தில் மக்களிடம் சொல்லும் வேலையைக் கடைசி பக்கத்தில் சேர்த்தா போதாது. மிதவை இறக்கும்போதே யோசிக்கணும். யாருக்குச் சொல்லணும்? வாடை, கொண்டல், கச்சான்னு காற்றுக்குப் பெயர் வெச்சிருக்கும் மீனவருக்கா, செல்ஃபி எடுக்க வரும் உங்களுக்கா? எந்தப் பேச்சில், எதன் வழியா? பதில் சொல்ல அவங்களுக்கும் வழி இருக்கா?

விஸ்காம் ஸ்டூடன்ட்டா? ஒரு நிமிஷ ஆடியோ தயார் பண்ணலாம். தமிழ் இலக்கியமா? மீனவர்களின் கடல் சொற்களைத் தொகுக்கலாம். என்.எஸ்.எஸ்-ஸில் இருந்தா, அடுத்த கேம்ப்பை ஒரு மீனவ கிராமத்தில் போடலாம். போனதும் மைக்கைப் பிடிச்சுடாதீங்க. முதல் நாள் முழுக்க, ஊர்ப் பெரியவர்கள் பேசறதைக் கேளுங்க!

டூர் டிப்ஸ்: வீராம்பட்டினம் போறதா இருந்தா ஆடி மாசம் செங்கழுநீர் அம்மன் தேர் சமயம் பெஸ்ட். அரிக்கமேடும் பக்கம்தான். கடலில் கால் நனைக்கறதுக்கு முன்னாடி மட்டும், அன்றைய அலை எச்சரிக்கையைப் பார்த்துடுங்க ஃப்ரெண்ட்ஸ்.