மில்வாக்கியின் மாதிரி ரயில் பெட்டிகள்: தேர்வும் திருத்தமும்

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில், மிச்சிகன் ஏரிக்கரையில் அமைந்த மில்வாக்கி நகரம், பயணிகள் ரயில் பெட்டிகளும் அவற்றின் சிறிய மாதிரிகளும் ஏறத்தாழ ஒரே காலத்தில் வளர்ந்த ஊர் என்பதால் மாதிரி ரயில் கலையின் வரலாற்றில் தனியிடம் பெறுகிறது. சிகாகோ, மில்வாக்கி, செயின்ட் பால் அண்ட் பசிபிக் என்ற நீண்ட பெயரைக் கொண்டிருந்தும் மக்கள் வழக்கில் மில்வாக்கி ரோடு என்றே அறியப்பட்ட ரயில் நிறுவனம், நகரின் மெனாமனி பள்ளத்தாக்கிலிருந்த தன் பணிமனையிலேயே பெட்டிகளைக் கட்டிக்கொண்டது. சிகாகோவிலிருந்து செயின்ட் பால், மினியாபொலிஸ் ஆகிய இரட்டை நகரங்களுக்கு 1935 மே மாத இறுதியில் ஓடத் தொடங்கி, மணிக்கு 160 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட வேகத்தை அன்றாட வழக்கமாக்கிய ஹயவாதா விரைவு ரயிலின் பெட்டிகள், சுவீடனில் பிறந்த பொறியாளர் கார்ல் நிஸ்ட்ராமின் வழிகாட்டலில் பற்றவைப்பு முறையில் எடை குறைக்கப்பட்டு அங்கே உருவாயின. அதே 1935இல்தான், அதே நகரில், அமெரிக்காவின் தேசிய மாதிரி ரயில் சங்கம் தொடங்கப்பட்டது. மாதிரிப் பெட்டிகளையும் உதிரிப்பாகங்களையும் விற்கும் வால்தர்ஸ் நிறுவனம் 1932 முதலும், இத்துறையின் முதன்மை இதழான மாடல் ரெயில்ரோடர் 1934 முதலும் இவ்வூரை மையமாகக் கொண்டு வளர்ந்தன.

அம்மரபு அறுபடாமல் தொடர்வதை, நகரிலும் அதைச் சுற்றியுள்ள ஊர்களிலும் வீடுகளின் நிலவறைகளிலும் கழகக் கூடங்களிலும் காண முடிகிறது. அங்கே மாலை வேளைகளில் கூடுவோரில் ஓய்வுபெற்ற கடைசல் தொழிலாளர்களும் மின்பணியாளர்களும் பள்ளி ஆசிரியர்களும் உள்ளனர். ஊதியம் ஏதுமின்றிச் செய்யப்படும் வேலையாயினும், கருவிகளைக் கையாளும் விதத்திலும் அளவைச் சரிபார்ப்பதில் காட்டும் பொறுமையிலும் ஒரு தொழிற்கூடத்தின் ஒழுங்கு அப்படியே நிலவுகிறது. இவர்களில் பெரும்பாலோர் கையாள்வது எச்.ஓ. எனப்படும் அளவாகும். உண்மையான ஓர் அடி நீளத்தை 3.5 மில்லிமீட்டராகச் சுருக்குவது இதன் விதி; அதாவது, மாதிரி தன் மூலத்தில் ஏறக்குறைய 87இல் ஒரு பங்காக அமையும், 1,435 மில்லிமீட்டர் அகலமுள்ள அமெரிக்கத் தண்டவாளம் 16.5 மில்லிமீட்டராகக் குறுகும்.

இப்பணிமேசைகளைக் கூர்ந்து நோக்குவோருக்கு முதலில் புலப்படுவது, ஒரு பெட்டியைத் தனிப்பொருளாகக் கையிலெடுத்து அதன் அழகைக் கொண்டு மட்டும் எவரும் மதிப்பிடுவதில்லை என்பதாகும். எந்த ரயிலில், எந்தப் பெட்டிக்கு அடுத்ததாக, எவ்வளவு கூர்மையான வளைவில் அது ஓடப்போகிறது என்ற கேள்விகளுக்கு விடை தெரிந்த பின்னரே வாங்குவதும் திருத்துவதும் நடைபெறுகின்றன. கண்ணாடிப் பேழைக்குள் வைத்துப் பார்ப்பதற்காகப் பெட்டி சேர்ப்போரின் மரபு வேறு. ஓடுகின்ற பெட்டியையே பெட்டி என்று கொள்ளும் இவர்களின் மரபு அதைவிடக் கடினமானது, பெரிதும் மதிக்கத்தக்கதும்கூட.

தேர்வில் முதலில் நிற்பது வளைவின் கணக்கு. அமெரிக்கப் பயணிகள் பெட்டியின் வழக்கமான நீளம் 85 அடி, எச்.ஓ. அளவில் இது ஏறத்தாழ 297 மில்லிமீட்டர். பெட்டியின் இரு முனைகளுக்கும் அடியில் சக்கரங்களைத் தாங்கிச் சுழலும் சட்டகத்தை இந்திய ரயில்வேயில் போகி என்பர். இரண்டு போகிகளின் நடுப்புள்ளிகளுக்கு இடையிலான தொலைவு பல பெட்டிகளில் 59 அடி 6 அங்குலம், மாதிரியில் சுமார் 208 மில்லிமீட்டர். தொடக்கநிலைப் பெட்டகங்களில் கிடைக்கும் 18 அங்குல ஆரமுள்ள வளைவில் இத்தகைய பெட்டி நுழையும்போது, போகிகள் தடத்தைப் பின்பற்றினாலும் உடல் நேர்க்கோடாகவே நிற்பதால், பெட்டியின் நடுப்பகுதி உட்புறமாக ஏறத்தாழ 12 மில்லிமீட்டரும் முனைகள் வெளிப்புறமாக ஏறக்குறைய அதே அளவும் விலகுகின்றன. உண்மை ரயிலில் இது ஒரு மீட்டர் விலகலுக்குச் சமம். அவ்வாறு விலகும் பெட்டி பக்கத்துத் தடத்தில் நிற்கும் வண்டியில் உரசும், அடுத்த பெட்டியின் முனையைத் தள்ளும், பார்வைக்கும் பொருந்தாது. ஆரத்தை 30 அங்குலமாக்கினால் நடுவிலகல் சுமார் 7 மில்லிமீட்டராகக் குறைந்துவிடும். அதனால்தான் முழுநீளப் பெட்டிகளுக்கு 24 அங்குலத்தைக் கீழெல்லையாகவும் 30 அங்குலத்துக்கு மேற்பட்டதை விரும்பத்தக்கதாகவும் அனுபவமுள்ளோர் கொள்கின்றனர்.

இடவசதி இல்லாதோருக்காக நீளத்தைச் சுமார் 72 அடியாகக் குறைத்த பெட்டிகளும் நெடுங்காலம் விற்கப்பட்டன. ஏத்தர்ன் நிறுவனத்தின் பழைய பெட்டிகள் இவ்வகையின. சில சன்னல்களை விட்டுவிட்டு உருவாக்கப்பட்ட அவை, தமக்குள் ஒரே ரயிலாக இணைந்து ஓடும்வரை கண்ணை உறுத்துவதில்லை. முழுநீளப் பெட்டியொன்றை அவற்றிடையே சேர்த்த உடனே இரண்டு வகையும் பொய்யாகத் தெரிகின்றன. இத்தாலியின் ரிவரோசி நிறுவனம் வார்த்த பழைய நெகிழிப் பெட்டிகளோ முழுநீளமும் நல்ல விகிதமும் கொண்டவை. ஆனால் அவற்றின் சக்கர விளிம்புகள், அதாவது தண்டவாளத்தின் உட்புறம் இறங்கிச் சக்கரம் நழுவாமல் காக்கும் பகுதி, மிகுதியாக ஆழமாக இருப்பதால் உயரம் குறைந்த இன்றைய தண்டவாளங்களில் இடித்துக்கொண்டு ஓடும். சக்கரத்தை மாற்றினால் குறை தீர்ந்துவிடுமாதலால், பழைய பொருள்கள் விற்கும் மேசைகளில் இப்பெட்டிகளைத் தேடி எடுப்போர் இன்றும் உள்ளனர். குறைந்த செலவில் நல்ல ரயில் அமைக்க விரும்புவோருக்கு இதனினும் ஏற்ற வழி அரிது.

அளவு தீர்ந்தபின் காலம் என்னும் கேள்வி எழுகிறது. ஹயவாதா ரயிலை எடுத்துக்கொண்டால், 1930களின் பிற்பகுதியில் கட்டப்பட்ட பெட்டிகளின் பக்கச்சுவர்களில் நீளவாக்கில் புடைத்தோடும் வரிகள் இருந்தன; போருக்குப் பின் 1940களின் இறுதியில் வந்தவை வழுவழுப்பான சுவர் கொண்டவை. மில்வாக்கியைச் சேர்ந்த வடிவமைப்பாளர் புரூக்ஸ் ஸ்டீவன்ஸ் உருவாக்கிய ஸ்கைடாப் என்ற கடைசிப் பெட்டி, வளைந்த கண்ணாடிக் கூரையுடன் 1948இல் சேர்ந்தது. ஆரஞ்சும் அரக்குச் சிவப்பும் கலந்த ரயிலின் வண்ணம் 1955 வரை நிலைத்தது; அவ்வாண்டு இறுதியில் யூனியன் பசிபிக் நிறுவனத்தின் தொலைதூர ரயில்களைச் சிகாகோவரை கொண்டுசெல்லும் பொறுப்பை மில்வாக்கி ரோடு ஏற்றதைத் தொடர்ந்து, அந்நிறுவனத்தின் மஞ்சளும் சாம்பலும் இதன் பெட்டிகளுக்கும் வந்தன. எனவே 1935ஆம் ஆண்டின் நீராவி எஞ்சினுக்குப் பின்னால் ஸ்கைடாப் பெட்டியைக் கோப்பதோ, 1950ஐச் சித்திரிக்கும் நிலையத்தில் மஞ்சள் பெட்டியை நிறுத்துவதோ அறிந்தோர் பார்வையில் பிழையாகும். மில்வாக்கி ரோடு 1985இல் வேறொரு நிறுவனத்தால் வாங்கப்பட்டு மறைந்துவிட்டபோதிலும், அதன் ஆவணத் தொகுதி மில்வாக்கி பொது நூலகத்தில் பாதுகாக்கப்படுவதால், ஐயம் எழுந்தால் அங்கே சென்று தெளிந்துவரும் வாய்ப்பு உள்ளூரார்க்கு உண்டு. வேறு பல நகரங்களின் மாதிரி அமைப்பாளருக்கு எளிதில் வாய்க்காத பேறு இது.

தமிழ் வாசகர்க்கு இவ்விடத்தில் ஒன்று சொல்லத் தகும். பெரம்பூரில் 1955இல் தொடங்கப்பட்ட ரயில் பெட்டித் தொழிற்சாலையின் பெட்டியை எச்.ஓ. அளவில் செய்ய முனைவோர், வளைவுக் கணக்குக்கு முன்பே தட அகலக் கணக்கில் சிக்கிக்கொள்வர். இந்திய அகலப்பாதையின் 1,676 மில்லிமீட்டர், 87இல் ஒரு பங்கில் 19 மில்லிமீட்டரைத் தாண்டுகிறது. கடைத் தண்டவாளமோ 16.5 மில்லிமீட்டர். தடத்துக்கேற்பப் பெட்டியைச் சுருக்கினால் அளவு ஏறக்குறைய 102இல் ஒரு பங்காகிவிடும், உடலின் அளவைக் காத்தால் போகி குறுகிப்போகும். இரண்டில் ஒன்றை விட்டுக்கொடுத்தே ஆகவேண்டும். பெட்டியின் உடலைக் காப்பதே ஏற்புடையது, ஏனெனில் பார்ப்போர் கண் சக்கரங்களுக்கு இடைப்பட்ட வெளியில் நெடுநேரம் தங்குவதில்லை.

திருத்தும் வேலை பெட்டியைக் கவிழ்த்து வைப்பதில் தொடங்குகிறது. பஞ்சுமெத்தை வைத்த மரத்தொட்டிலில் கூரை கீழாகக் கிடத்தப்பட்ட பெட்டியிலிருந்து போகிகள் கழற்றப்படுகின்றன; நெகிழிச் சக்கரங்கள் நீக்கப்பட்டு, அழுக்கை அவ்வளவாக ஒட்டவிடாத உலோகச் சக்கரங்கள் பொருத்தப்படுகின்றன. பயணிகள் பெட்டிக்குரிய 36 அங்குலச் சக்கரம் மாதிரியில் சுமார் 10.5 மில்லிமீட்டர் விட்டமுடையது. சரக்கு வண்டியின் 33 அங்குலச் சக்கரத்தை இங்கே மாட்டினால் பெட்டி ஓடும், ஆனால் அதன் உயரம் தாழ்ந்து இணைப்பு பொருந்தாது. அச்சின் இரு முனைகளும் ஊசிபோல் கூர்மையானவை. அவை போகியின் பக்கங்களில் உள்ள கூம்புக்குழிகளில் அமர்கின்றன. வார்ப்பின்போது குழியில் தங்கிய பிசிரை, அச்சின் வடிவிலேயே அமைந்த சிறு குடைகருவியை உள்ளே வைத்து விரலால் திருகி நீக்குகின்றனர். நீக்குமுன் விரலால் உந்திய சக்கரம் சில சுற்றுகளில் நின்றுவிடும். நீக்கியபின் நெடுநேரம் ஓசையின்றிச் சுழலும். தேய்த்தது போதுமா என்பதை அந்தச் சுழற்சியைக் கொண்டே முடிவு செய்கின்றனர். இரு சக்கரங்களுக்கிடையே உள்ள தொலைவு, தேசியச் சங்கம் வெளியிட்ட தகட்டளவியில் வைத்துச் சரிபார்க்கப்படுகிறது.

போகிகளை மீண்டும் பூட்டும் முறை இக்கலையின் நுட்பங்களில் தலையாயது. ஒரு போகியின் திருகாணி, அது இடவலமாகத் திரும்பவும் முன்பின்னாகச் சற்றே ஆடவும் மட்டும் இடம் தருமாறு இறுக்கப்படுகிறது. மற்றொன்று எப்பக்கமும் சாய்ந்தாடுமாறு தளர்த்தி விடப்படுகிறது. இறுகிய போகி இரு பக்கத் தாங்கல்களாகவும் தளர்ந்த போகி ஒற்றைத் தாங்கலாகவும் செயல்படுவதால், பெட்டி மூன்று புள்ளிகளில் நிற்கிறது. தடத்தில் சிறு மேடுபள்ளம் இருந்தாலும் எல்லாச் சக்கரங்களும் தண்டவாளத்தைத் தொட்டுக்கொண்டே செல்வதும், பெட்டி பக்கவாட்டில் தள்ளாடாமல் இருப்பதும் இதனால் வாய்க்கின்றன. இரண்டு திருகாணிகளையும் ஒரே அளவாக இறுக்குவதே தடம்புரளும் பெட்டிகள் பலவற்றின் நோய். மருந்து ஒரு திருகாணியின் அரைச்சுற்று.

எடைக்கும் விதி உண்டு. எச்.ஓ. அளவில் ஓர் அவுன்சுடன், பெட்டியின் ஒவ்வோர் அங்குல நீளத்துக்கும் அரை அவுன்ஸ் சேர்க்கவேண்டும் என்பது தேசியச் சங்கத்தின் பரிந்துரை. முழுநீளப் பெட்டிக்கு இது ஏறத்தாழ 195 கிராம் வருகிறது. குறையும் எடையை ஈய வில்லைகளாகத் தளத்தில் ஒட்டுகின்றனர். எடை உயரத்தில் இருந்தால் பெட்டி வளைவில் கவிழ நேரும் என்பதால் கூரையில் ஒருபோதும் ஒட்டுவதில்லை. பத்துப் பெட்டிகளின் எடை இரண்டு கிலோகிராமை எட்டும்போது ஏற்றத்தில் எஞ்சின் திணறுவதால், பரிந்துரையினும் சற்றுக் குறைத்து நிறுத்துவோரும் உள்ளனர். அதில் தவறில்லை, ரயில் முழுவதும் எடை சமமாக இருப்பதே முக்கியம், கனத்த பெட்டிகளுக்கு நடுவே கோக்கப்பட்ட இலகுவான பெட்டியை வளைவில் இருபுற இழுவையும் சேர்ந்து உட்பக்கம் சாய்த்துவிடும்.

இணைப்பில் கவனிக்க வேண்டியவை இரண்டு. போகியிலேயே பொருத்தப்பட்ட கப்ளர் என்னும் இணைப்புக்கொக்கி கூர்மையான வளைவிலும் திரும்பும், ஆனால் பின்னோக்கித் தள்ளும்போது விசை முழுவதும் போகியில் இறங்கி அதைத் தடத்திலிருந்து தூக்கிவிடும். உடலில் பொருத்தப்பட்டதற்கு அகன்ற வளைவு வேண்டும், தள்ளுதலைத் தாங்கும். பெட்டிகளுக்கிடையே பயணிகள் நடந்துசெல்ல அமைந்த மடிப்புத் துருத்தி, மாதிரியில் மெல்லிய ரப்பராலோ மடித்த கறுப்புத் தாளாலோ செய்யப்படுகிறது. நேர்த்தடத்தில் இரு துருத்திகளும் தொட்டுக்கொண்டும் வளைவில் ஒன்றையொன்று தள்ளாமலும் இருக்குமாறு கப்ளரின் தண்டு நீளத்தைத் தேர்வது பல மாலைகளை விழுங்கும் வேலை.

உட்புறத்துக்கு வரும்போதுதான் வண்ணத்தூரிகை வெளியே வருகிறது. ஒரே நிறத்தில் வார்க்கப்பட்ட இருக்கைகளும் தடுப்புச்சுவர்களும் வேறுபடுத்தித் தீட்டப்படுகின்றன. உணவுப் பெட்டியின் மேசைகளுக்கு வெள்ளைத் தாள் விரிப்பு வைக்கப்படுகிறது. பயணிகளின் உருவங்கள் இருக்கைக்குள் அடங்காதபோது, சன்னலுக்குக் கீழே மறையும் கால்கள் அறுக்கப்படுகின்றன. விளக்குக்கான மின்சாரம் தண்டவாளத்திலிருந்து வருகிறது: ஒரு போகி இடத் தண்டவாளத்திலிருந்தும் மற்றது வலத் தண்டவாளத்திலிருந்தும் அச்சின் வழியே எடுத்து, அச்சைத் தொட்டு நிற்கும் மெல்லிய வெண்கலக் கம்பியால் மேலே அனுப்புகின்றன. ரயில் எத்திசையில் ஓடினாலும் எல்.இ.டி.க்கு ஒரே திசை மின்னோட்டம் கிடைக்கத் திருத்தி ஒன்றும், அழுக்குப் படிந்த இடத்தில் விளக்கு இமைக்காதிருக்க மின்தேக்கி ஒன்றும் கழிவறைத் தடுப்புக்குள் மறைத்து வைக்கப்படுகின்றன. இங்கே பலரும் வெளிச்சத்தை மிகையாக்கிவிடுகின்றனர். 1940களின் குமிழ் விளக்குகள் மஞ்சள் சாய்ந்த மங்கல் ஒளி தந்தவை. வெண்ணொளி சன்னல்வழிப் பீறிட்டால் உள்ளே தீட்டிய வேலைப்பாடு அனைத்தும் வீணாகும். மின்தடையைக் கூட்டி, அறை விளக்கு அணைந்தபின் மட்டும் தெரியுமளவுக்கு ஒளியைக் குறைப்போரின் பெட்டிகளே உண்மைக்கு அருகில் நிற்கின்றன.

இறுதிச் சோதனை, ரயில் முழுவதையும் பின்னோக்கித் தள்ளுவது. ஒரு தடத்திலிருந்து மறு தடத்துக்கு வண்டியைத் திருப்பும் தடமாற்றிகள் இரண்டு எதிரெதிராக அமைந்த இடத்தில், அடுத்தடுத்த பெட்டிகளின் முனைகள் எதிர்ப்பக்கங்களில் விலகுவதால், முன்னோக்கி இழுக்கும்போது ஒளிந்திருந்த குறையெல்லாம் அங்கே வெளிப்பட்டுவிடும். புரளும் பெட்டியை உடனே விலக்கி, எந்தச் சக்கரம் முதலில் ஏறியது என்று துண்டுத்தாளில் குறித்து, மீண்டும் தொட்டிலில் கவிழ்க்கின்றனர். காரணம் பெரும்பாலும் கப்ளர் தண்டின் இறுக்கமாகவோ, அடிப்புறத்தில் அழகுக்கென ஒட்டிய பிரேக் குழாய் போகியின் திருப்பத்தைத் தடுப்பதாகவோ இருக்கும். குழாய்தான் காரணமென்றால், எத்தனை நாள் உழைப்பில் வளைத்து ஒட்டியதாயினும், போகி தொடும் இடத்தில் அது வெட்டியெடுக்கப்படுகிறது.