தொட்டிக்குள் ஒரு குடும்பம்

சித்தன்னவாசல் குடைவரையின் விதானத்தில் தாமரைக் குளம் ஒன்று தீட்டப்பட்டுள்ளது. யானையும் எருமையும் அன்னமும் பூப்பறிக்கும் மனிதரும் நிறைந்த அக்குளத்தில் மீன்களும் நீந்துகின்றன. ஓவியன் அவற்றைப் பக்கவாட்டுத் தோற்றத்தில் வரைந்திருக்கிறான். கண்மாய்க் கரையில் நிற்பவருக்கு மீனின் முதுகு மட்டுமே தெரியும். அதுவும் நீர் தெளிந்திருந்தால்தான். கண்ணும் செவுளும் துடுப்பும் ஒருங்கே தெரிய, உயிருள்ள மீனின் முழு வடிவைக் காண வேண்டுமாயின் நீருக்குப் பக்கவாட்டில் ஒரு சாளரம் வேண்டும். வீட்டிலுள்ள கண்ணாடித் தொட்டி அத்தகைய சாளரம்.

தொட்டி வைப்போர் பெரும்பாலும் பொன்மீனில் தொடங்குவர். மீனின் அழகைவிட அதன் வாழ்க்கையைக் காண விரும்புவோர் நாளடைவில் சிக்ளிட் மீன்களிடம் வந்து சேர்வர். புதுக்கோட்டை மாவட்டத்தாருக்கு இக்குடும்பம் புதிதன்று, பெயர்தான் புதிது. கண்மாயில் வலை வீசினால் வந்து விழும் ஜிலேபிக் கெண்டையும் ஒரு சிக்ளிட்தான். ஆப்பிரிக்காவைத் தாயகமாகக் கொண்ட அம்மீன் 1952இல் இந்தியாவிற்குக் கொண்டுவரப்பட்டது. தாய்மீன் முட்டைகளை வாய்க்குள் வைத்தே பொரிக்கும். குஞ்சுகள் நீந்தத் தொடங்கிய பின்னும் ஆபத்து நேர்ந்தால் மீண்டும் வாய்க்குள் வாங்கிக்கொள்ளும். முட்டைகளை இட்டதும் நீரின் போக்கில் விட்டுச் செல்லும் மீன்களே உலகில் மிகுதி. அவற்றிடையே பிள்ளைகளைப் பேணும் குடும்பம் இது.

விரல் நீளமே வளரும் சிக்ளிட்களைக் குள்ளச் சிக்ளிட்கள் என்பர். வெனிசுலா, கொலம்பியா நாடுகளின் ஒரினோகோ ஆற்றுச் சமவெளியைச் சேர்ந்த ‘ராம்’ மீனும், அமேசான் ஓடைகளில் வாழும் அபிஸ்டோகிராம்மா இனங்களும் அவற்றுள் புகழ்பெற்றவை. அபிஸ்டோகிராம்மாவுக்குக் கவிழ்த்து வைத்த தேங்காய்ச் சிரட்டை ஒன்று போதும். அதன் உட்கூரையில் பெண்மீன் முட்டையிட்டுத் தானே காவல் நிற்கும்.

ஆனால், வாங்கி வந்த மீன் வாழ்வது வேறு. இனம் பெருக்குவது வேறு. இவற்றின் தாயக நீர் பெரிதும் மழைநீரை ஒத்த மென்னீர்; சற்றே அமிலத்தன்மை உடையது. ஆழ்குழாய்க் கிணற்று நீரோ பல ஊர்களில் கடினநீர். காய்ச்சும் பாத்திரத்தின் அடியில் வெள்ளைப் படிவு ஏற்படுவதைக் கொண்டு இதனை அறியலாம். கால்சியம் மிகுந்த அந்நீரில் அபிஸ்டோகிராம்மாவின் முட்டைகள் பெரும்பாலும் பொரிவதில்லை. எனவே மாடியில் விழும் மழைநீரை, முதல் மழையின் அழுக்கு கழிந்தபின் சேமித்து வைக்க வேண்டும். உலர்ந்த நாட்டுவாதுமை இலை இரண்டைத் தொட்டியில் இட்டால் நீர் தேநீர் நிறம் பெற்று, அதன் அமிலத்தன்மையும் சற்றுக் கூடும். வெப்பத்தையும் கருத வேண்டும். அபிஸ்டோகிராம்மா இனங்களில், குஞ்சுப் பருவத்து வெப்பநிலை உயர்ந்தால் ஆண்மீன்கள் மிகுதியாகின்றன என்று ஜெர்மன் ஆய்வாளர்கள் 1996இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. சித்திரை வெயிலில் குஞ்சு பொரிக்க வைப்பவர் இதனை எண்ணிப் பார்க்க வேண்டும்.

இத்தனை முயற்சிக்குத் துணிவோர், இந்நாட்டுக்கே உரிய சிக்ளிட் ஒன்று இருப்பதைப் பலவேளை அறிவதில்லை. இந்தியாவின் சொந்தச் சிக்ளிட்கள் மூன்றே. கேரளம் 2010இல் தன் மாநில மீனாக அறிவித்த கரிமீன் ஒன்று. கர்நாடகத்தில் மட்டும் வாழும் இனம் மற்றொன்று. மூன்றாவது, கேரளத்தில் பள்ளத்தி எனப்படும் ஆரஞ்சு குரோமைடு. ஜெர்மானிய அறிஞர் புளோக் 1795இல் இதற்கு அறிவியல் பெயர் சூட்டினார். தென்னிந்தியக் கடலோர ஆறுகளும் கழிமுகங்களும் உப்பங்கழிகளும் இலங்கையின் நீர்நிலைகளும் இதன் வாழிடங்கள். எட்டுச் சென்டிமீட்டர் அளவே வளரும் இம்மீனைக் குள்ளச் சிக்ளிட்களோடு எண்ணாதவர் உண்டு, எண்ணுவதே முறை. மஞ்சள் உடலில் செம்புள்ளி வரிசைகளும் நடுவே கரும்பொட்டும் கொண்ட இதற்கு மழைநீர் தேடி அலைய வேண்டியதில்லை. ராம் மீனுக்கு ஒவ்வாத கடினநீரில் இது நலமாக வாழும். சிறிது உப்புக் கலந்திருந்தாலும் நன்றே.

இணை சேர்ந்தபின் ஆணும் பெண்ணும் ஒரு கல்லையோ ஓட்டையோ தேர்ந்து வாயால் கொறித்துத் துப்புரவு செய்யும். ஏறத்தாழ இருநூறு முட்டைகள், சிறு காம்புகளால் அதில் ஒட்டி நிற்கும். இரண்டும் மாறி மாறி மார்புத் துடுப்பால் விசிறி நீரோட்டம் தரும். வெளுத்துக் கெட்ட முட்டையை அகற்றும். ஏறக்குறைய ஐந்து நாள்களில் பொரியும் குஞ்சுகளை வாயில் கவ்விச் சென்று மணலில் தோண்டிய குழியில் சேர்க்கும்.

குஞ்சுகள் நீந்தத் தொடங்கியதும் நிகழ்வதே வியப்பானது. அவை பெற்றோரின் உடலை உரசி உரசி விலகும். வார்டு, பார்லோ என்னும் ஆய்வாளர்கள் 1967இல் இச்செயலை விரிவாக எழுதினர். தோலின்மேல் ஊறும் சளிப்படலத்தையே குஞ்சுகள் உண்கின்றன. ஆபத்து நெருங்கினால் பெற்றோர் கரிய இடுப்புத் துடுப்புகளைப் படபடவென அசைக்கும். சிதறிய குஞ்சுகள் அவ்வழைப்பைக் கண்டு ஓடிவரும். இத்தனை பரிவுள்ள மீன் துறவி என்று எண்ணிவிட வேண்டா. இலங்கை உப்பங்கழிகளில், இதன் இளமீன்கள் கரிமீனின் உடலிலுள்ள ஒட்டுண்ணிகளைக் கொத்தித் தூய்மை செய்கின்றன. வளர்ந்தவையோ அதே கரிமீனின் முட்டைகளைக் களவாடி உண்கின்றன.

வளர்ப்பவரின் பொறுமைக்குச் சோதனை முதல் ஈட்டிலேயே வரும். மாலையில் முட்டை நிறைந்திருந்த கல் மறுநாள் காலையில் வெறுமையாகக் கிடக்கலாம். அச்சமுற்ற இளம் பெற்றோர் தம் முட்டைகளைத் தாமே உண்டுவிடும். அடுத்த முறை கல்லை எடுத்துத் தனிக்குடுவையில் பொரிக்க வைத்தால் கூடுதல் குஞ்சுகள் கிடைக்கக்கூடும். வணிகப் பண்ணையாருக்கு அது சரி. பெற்றோரின் உடலையே முதல் உணவாகக் கொள்ளும் இனத்தில், வீட்டில் வளர்ப்பவர் கையைக் கட்டிக்கொண்டு இரண்டாம் ஈட்டுக்கும் மூன்றாம் ஈட்டுக்கும் காத்திருத்தலே தக்கது. தொட்டியின் ஒரு பக்கத்தைத் தாளால் மறைப்பதும், இரவில் விளக்கைத் திடீரென அணைக்காதிருப்பதும் அவர் செய்யக்கூடிய உதவிகள். தொட்டி வைத்து நான்கைந்து வாரங்கள் ஆகி, கழிவின் அமோனியாவைச் சிதைக்கும் நுண்ணுயிரிகள் வடிகட்டியில் நிலைபெற்றிருத்தலும் இன்றியமையாதது. ஆர்ட்டீமியா முட்டைகளை உப்புநீரில் ஒருநாள் வைத்துப் பொரித்தெடுத்தால் குஞ்சுகளுக்குக் கூடுதல் உணவாகும்.

சில வாரங்களில் பெற்றோர், அதுவரை காத்த குஞ்சுகளைத் துரத்தத் தொடங்கும். அப்போது அவற்றை வேறு தொட்டிக்கு மாற்றியாக வேண்டும். மிகுந்தவற்றை மீன் வளர்க்கும் நண்பர்க்கோ கடைக்கோ கொடுக்கலாம். ராம் போன்ற அயல் மீனாயின் கண்மாயில் விடலாகாது. ஜிலேபி வந்த கதை ஒன்று போதும். குஞ்சுகளை மாற்றிவிட்டுத் திரும்பிப் பார்த்தால், இணைமீன்கள் பழைய கல்லை மறுபடியும் கொறித்துக்கொண்டிருக்கும்.