கார் கழுவ எத்தனை நாழிகை?

கார் என்றால் முகில். கார் என்றால் மழைக்காலம். அப்படித்தான் பொருள் கண்டது செந்தமிழ். இன்றோ அச்சொல் காதில் விழுந்ததும் வானத்தை நோக்குவார் இல்லை, வாயிலை நோக்குகிறோம்! அங்கே நிற்கிறது நம் பெருமை, நான்கு சக்கரம் பூட்டிக்கொண்டு, தெருப்புழுதியைப் போர்த்துக்கொண்டு. அதனைக் கழுவ எவ்வளவு நேரம் ஆகும்?

"ஐந்தே நிமிடம்! அதற்குத்தான் ஆள் இருக்கிறானே!" என்றார் நண்பர் ஒருவர்.

ஆள்! விடியுமுன் வாளியும் துணியுமாக வந்து, அடுக்குமாடிக்கு அடிவயிறு போன்ற அந்த இருட்டிலே குனிந்து நிமிர்ந்து வரிசையாகத் துடைத்துச் செல்பவர். அவர் பெயர் என்ன என்று கேட்டோம், நண்பர் விழித்தார். காரின் எண்ணை உறக்கத்திலும் ஒப்பிப்பார். அதைக் கழுவுபவரின் பெயர் அறியார்!

ஐந்து நிமிடத்தில் முடிவது கழுவல் அன்று. காய்ந்த புழுதிமேல் ஈரத்துணியை இழுப்பது, மணலைக் கொண்டு தேய்ப்பதற்கு ஒப்பாகும். வண்ணப்பூச்சில் மயிரிழைக் கீறல்கள் வலைபோற் படர்வது அதனாலேதான்.

நாம் கழுவுவது ஞாயிறு காலை, வெயில் ஏறுமுன், நிழலில். சூடேறிய தகட்டிலே ஷாம்பு நீர் அலசுமுன் காய்ந்து கறையாகிவிடும். வெறும் நீர் ஊற்றிப் புழுதியை இறக்க 5 நிமிடம். பிறகு இரு வாளிகள்: ஒன்றில் காருக்குரிய ஷாம்பு நீர், மற்றதில் துணி அலசும் நீர். (பாத்திரம் துலக்கும் சோப்பு ஆகாது, அழுக்கோடு மெழுகுப் பூச்சையும் அது வழித்துக்கொண்டு போகும்.) கூரையில் தொடங்கிக் கீழே வர 15 நிமிடம். சக்கரத்திலே படிந்திருப்பது பிரேக் தேய்ந்த தூள்; அதற்குத் தனித்துணியும் 10 நிமிடமும் வேண்டும். அலச 5. துடைக்க 10, துடைக்காது விட்டால், உப்பும் சுண்ணமும் மிகுந்த ஆழ்குழாய்க் கிணற்று நீர் வெண்புள்ளி வைத்துவிட்டுத்தான் காயும். ஆக 45 நிமிடம், இரண்டு நாழிகைக்குச் சற்றே குறைவு.

இவ்வளவு உழைப்பையும் ஒருவரிடம் எதிர்பார்த்து, ஐந்து நிமிடத்திற்கான கூலியை நீட்டுவது எந்த ஊர் நியாயம்? மழை பெய்த நாளைக் கணக்கிட்டுக் கூலியில் பிடிப்போரும் உண்டே!

இனி நீர்க்கணக்கு. நிமிடத்துக்கு 10 லிட்டர் பாயும் ரப்பர்க் குழாயை அந்த 45 நிமிடமும் திறந்துவிட்டால் 450 லிட்டர்! கழிவுநீர் வடிகால் உள்ள நகரத்திலே ஒருவருக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் என்பது அரசின் அளவு. மூவருக்கு மேற்பட்டோரின் பங்கு சக்கரத்தடியில் ஓடி மறைகிறது. வாளிக்கு மாறினால் 60 லிட்டரில் வேலை முடியும்.

2019 கோடையில் சென்னைக்கு நீரூட்டும் பூண்டியும் சோழவரமும் செங்குன்றமும் செம்பரம்பாக்கமும் வறண்டு கிடந்தன. அவ்வாண்டு ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து குடிநீர் இரயிலேறி வந்தது, ஒரு வண்டிக்கு 25 லட்சம் லிட்டராக. குடங்கள் தெருவிலே தவம் கிடந்த காலம் அது. பெங்களூரிலோ 2024 மார்ச்சில், குடிநீரால் கார் கழுவினால் 5000 ரூபாய் தண்டம் என்று அறிவித்தது குடிநீர் வாரியம். கார் கழுவக் கார் பெய்யவேண்டும். பெய்யாத ஆண்டில் ஈரத்துணி ஒன்றால் கண்ணாடியையும் விளக்கையும் மட்டும் துடைத்து ஓட்டினோம். வண்டி ஓடத்தான் செய்தது.

இப்போதும் வாளியில் மிஞ்சும் நல்ல நீர் வாயிலோரத்து வேப்பங்கன்றுக்கு. ஷாம்பு நீர் மட்டுமே வடிகாலுக்கு.