சாயப் பட்டறை மண்ணில் ஒரு பந்தாட்டக் களம்

கோயம்புத்தூரைத் 'தென்னிந்தியாவின் மான்செஸ்டர்' என்று பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்தவன் நான். அசல் மான்செஸ்டரைக் காலால் மிதிப்பேன் என்று நினைத்ததில்லை. தங்கை மகன் அங்கே வேலையில் இருக்கிறார். "மாமா, ஒருதடவை வந்துட்டுப் போங்க" என்று மூன்று வருடமாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். ஜூன் மாதம் விடுப்பு கிடைத்தது, போய்விட்டேன்.

மாப்பிள்ளைக்குக் கால்பந்துப் பைத்தியம். மான்செஸ்டர் சிட்டி கிளப்பின் வெளிர்நீலச் சட்டை மட்டும் வீட்டில் ஐந்தாறு கிடக்கிறது. ரசிகர்களை அழைத்துப்போய்ச் சுற்றிக்காட்டும் ஏற்பாட்டில் இரண்டு சீட்டு வாங்கி வைத்திருந்தார். கிளப்பின் பயிற்சி வளாகத்தைப் பார்க்கலாம் என்றதும் எனக்கு அவ்வளவாக ஆர்வம் இல்லை. பந்தாட்டத்தில் எத்தனை பேர் ஆடுவார்கள் என்பதற்கு மேல் எனக்குத் தெரியாது. "80 ஏக்கர் மாமா, முழுக்கப் புல்லு" என்றார். கிளம்பிவிட்டேன்.

நகரத்தின் கிழக்குப் பகுதியில், பெரிய போட்டி மைதானத்துக்கு எதிரே சாலையின் மறுபக்கம் இருக்கிறது வளாகம். இரண்டையும் ஒரு நடைபாலம் இணைக்கிறது. பாலத்தின் மேலிருந்து பார்த்தால் நம் ஊர் வயல்வெளி மாதிரியே பாத்தி பாத்தியாகப் பச்சை. 16 முழு ஆடுகளங்களும் ஓர் அரைக் களமும் என்று கணக்குச் சொன்னார்கள். பெரும்பாலானவை சிறுவர்களுக்கும் இளைஞர்களுக்கும், கொஞ்சம் மட்டுமே பெரிய வீரர்களுக்கு. 7,000 பேர் உட்காரும் சிறிய மைதானம் ஒன்றும் உள்ளே இருக்கிறது. 2014 டிசம்பரில் திறந்திருக்கிறார்கள். ஏறத்தாழ 20 கோடி பவுண்டு செலவு என்று அப்போது பத்திரிகைகள் எழுதின.

தங்கும் அறைகள், உடற்பயிற்சிக் கூடம், நீர் சிகிச்சைக் குளம் என்று அடுக்கிக்கொண்டே போனார்கள். மாப்பிள்ளை வாய் பிளந்து கேட்டார். எனக்கு அதெல்லாம் பெரிய ஓட்டல் மாதிரிதான் தெரிந்தது. விளையாட்டுப் பருவம் மே மாதத்தோடு முடிந்துவிடுவதால் வீரர்கள் ஒருவரும் இல்லை. அவருக்கு அதில் பெரிய வருத்தம். எனக்கோ நல்ல நேரத்தில் வந்தது மாதிரி இருந்தது. அது களங்களுக்குக் கோடை உழவு நடக்கும் மாதம்.

ஒரு களத்தின் மேல்பரப்பை முழுவதுமாகச் சுரண்டி எடுத்திருந்தார்கள். புல் இல்லை, வெறும் மணல். வேலி ஓரமாகக் குந்தி உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். டிராக்டரை நிறுத்திவிட்டு வந்த களப் பராமரிப்பாளர், "எதையாவது தொலைத்துவிட்டீர்களா?" என்று கேட்டார். நான் வேளாண்மை அதிகாரி என்று மாப்பிள்ளை சொன்னதும் அவர் முகம் மலர்ந்துவிட்டது. வருகிறவர்கள் எல்லாம் கோல் போட்டவனைப் பற்றித்தான் கேட்பார்கள் போல. அவருடைய ஆங்கிலத்தில் பாதிதான் எனக்குப் புரிந்தது. மீதியை மாப்பிள்ளை தமிழில் சொன்னார்.

ஒரு முழு ஆடுகளம் 105 மீட்டர் நீளம், 68 மீட்டர் அகலம். நம் கணக்கில் ஒன்றே முக்கால் ஏக்கர். விதைப்பது ரை புல். பல்லாண்டுப் பயிர், குளிர் தாங்கும். சூடு இருந்தால் ஒரு வாரம், பத்து நாளில் முளைத்துவிடும். புதிதாக விதைக்கும்போது சதுர மீட்டருக்கு 35 கிராம் போடுவது வழக்கம் என்றார். கைப்பேசியில் கணக்குப் போட்டேன். ஏக்கருக்கு 140 கிலோ விதை! நெல்லுக்கு 25 கிலோ போட்டாலே அதிகம் என்று உங்களிடம் சண்டை போடுகிறவன் நான். ஆனால் நமக்கு வேண்டியது தூர் வெடித்த கதிர். அவர்களுக்கு வேண்டியது இடைவெளி தெரியாத பாய். விளைச்சல் வேறு, விதையளவும் வேறு.

நம் ஊர் மைதானங்களில் போடுவது அருகம்புல் இனம். வெயிலுக்கு அதுதான் நிற்கும். 'வயலில் அருகு அடங்க மாட்டேன் என்கிறது, என்ன மருந்து அடிக்கலாம்' என்று கேட்டு எழுதும் வாசகர்களை நினைத்துக்கொண்டேன். அதே புல்லைக் காசு கொடுத்து வளர்க்கிறவர்களும் இருக்கிறார்கள்.

2016-ல் பெப் கார்டியோலா பயிற்சியாளராக வந்தபோது, பந்து வேகமாக உருள வேண்டும் என்று புல்லை 19 மில்லிமீட்டருக்கு வெட்டச் சொன்னதாகச் செய்தி வந்ததாம். மாப்பிள்ளை சொன்னார். விரல் அகலம் அளவுதான். இலையை இவ்வளவு குறைத்தால் வேரும் ஆழம் போகாது. உண்ண வழியில்லாத பயிரை வாரக்கணக்கில் ஓடி மிதிக்கவும் வேண்டும். அதனால்தான் பெரிய கிளப்புகள் பலவற்றில் செயற்கை இழைகளை 20 சென்டிமீட்டர் ஆழத்துக்கு மண்ணில் தைத்துவிடுகிறார்கள். மேலே பார்த்தால் தெரியாது, நூற்றுக்கு மூன்று இழைதான் செயற்கை. புல்வேர் அதைச் சுற்றிக்கொண்டு பிடிப்பதால் மண் பெயர்ந்து வராது. வீட்டுக்கொடிக்குப் பந்தல் போடுகிற மாதிரி, இது வேருக்குப் பந்தல்.

உங்களுக்குச் சொல்ல வேண்டியது அதற்கும் கீழே இருக்கிறது. மேலே ஒரு அடிக்கு மணல் கலந்த வேர்மண். அதற்குக் கீழே சரளைக்கல். சரளைக்கு உள்ளே வரிசையாகத் துளையிட்ட வடிகால் குழாய்கள். எவ்வளவு மழை பெய்தாலும் தண்ணீர் தேங்காமல் கீழே இறங்கி ஓடிவிடும். கூரையிலும் களத்திலும் விழும் மழைநீரைச் சேமித்து, காய்ச்சல் நாளில் திரும்பப் பாய்ச்சும்படி வளாகத்தையே அமைத்திருக்கிறார்கள்.

மழைக்குப் பேர்போன ஊர் மான்செஸ்டர். குடை இல்லாமல் வெளியே போகக்கூடாது என்று முதல் நாளே எச்சரித்தார்கள். ஆனால் அங்கே ஆண்டு மழை சுமார் 830 மில்லிமீட்டர்தான். தமிழ்நாட்டின் சராசரி 920-ஐ ஒட்டி வரும். நம்மைவிடக் குறைவு! அவர்களுக்கு அது வருடம் பூராவும் தூறலாக விழுகிறது. நமக்கு ஏறக்குறைய பாதி, வடகிழக்குப் பருவத்தின் மூன்று மாதத்தில் கொட்டிவிட்டுப் போகிறது. அப்படியானால் வடிகால் யாருக்கு அதிகம் வேண்டும்?

'மழை பெய்தால் வயலில் நாலு நாள் தண்ணீர் நிற்கிறது, பயிர் மஞ்சளாகிறது, என்ன உரம் போடலாம்?' இந்தக் கேள்வி வருடா வருடம் ஐப்பசி, கார்த்திகையில் வந்துவிடும். உரம் எதுவும் வேண்டாம். வேருக்கு மூச்சு முட்டுகிறது. தண்ணீர் நிற்கும் வயலில் யூரியா போட்டால் தழைச்சத்து காற்றோடு போகும். டிராக்டரும் ரோட்டவேட்டரும் ஒரே ஆழத்தில் வருடக்கணக்கில் ஓடியதால் அரை அடிக்குக் கீழே மண் தட்டாக இறுகியிருக்கும். ஒரு கம்பியைக் குத்திப் பாருங்கள், எங்கே நிற்கிறது என்று தெரியும். மான்செஸ்டரில் இதற்கு ஒரு எந்திரம் வைத்திருக்கிறார்கள். நீண்ட கம்பிகளைப் புல்லைக் கிழிக்காமல் ஆழமாக இறக்கி, அசைத்து, மண்ணை நெகிழ்த்துகிறது. நமக்கு உளிக்கலப்பை இருக்கிறது. கோடையில் ஈரம் இல்லாதபோது, ஒன்றரை அடி இடைவெளியில் நீளவாக்கிலும் குறுக்கிலும் ஓட்டி, ஏக்கருக்கு 5 டன் தொழுவுரம் போடுங்கள். மூன்று வருடத்துக்கு ஒருமுறை போதும். தாழ்வான பக்கம் ஒரு வடிகால் வாய்க்காலும் வெட்டுங்கள்.

இங்கே ஒன்று சொல்லாமல் விட்டுவிட்டேன். இந்த 80 ஏக்கரின் பெரும்பகுதி முன்பு என்னவாக இருந்தது என்று அந்தப் பராமரிப்பாளர் சொன்னபோது, நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். சாயத் தொழிற்சாலை.

1876-ல் சார்லஸ் டிரைபஸ் என்பவர் தொடங்கிய கிளேட்டன் அனிலின் கம்பெனி. மான்செஸ்டரைச் சுற்றி இருந்த பஞ்சாலைகளுக்குத் துணி இருந்தது, சாயம் வேண்டும். 1911-ல் சுவிட்சர்லாந்துக் கம்பெனியின் கைக்குப் போய், ஒரு காலத்தில் 2,000 பேருக்கு வேலை கொடுத்து, 2007-ல் மூடப்பட்டது. நூற்று முப்பது வருடம் சாயமும் அமிலமும் இறங்கிய மண்.

'அனிலின்' என்ற பெயரே நம் வயலில் இருந்து போனதுதான். 1826-ல் ஜெர்மனியில் ஒருவர் அவுரி நீலத்தைக் காய்ச்சி வடித்தபோது கிடைத்த எண்ணெய் அது. போர்ச்சுக்கீசியர் அவுரி நீலத்தை 'அனில்' என்பார்கள். அது அரபு வழியாகப் போன நம் 'நீலம்'. (தூத்துக்குடிப் பக்கம் நிலவாகையையும் அவுரி என்பார்கள். நான் சொல்வது சாய அவுரி, பசுந்தாள் உரமாகவும் போடுவோமே, அது.) 1856-ல் வில்லியம் பெர்கின் என்ற 18 வயதுப் பையன் இங்கிலாந்தில் அனிலினில் இருந்து ஊதாச் சாயம் எடுத்தார். 1897-ல் ஜெர்மனியில் இருந்து செயற்கை நீலமே விற்பனைக்கு வந்தது. அதன்பின் வங்காளம், பீகாரில் மட்டுமல்ல, தென்னார்க்காடு, கடப்பைப் பக்கமும் அவுரிச் சாகுபடி சரிந்தது. கிளேட்டனில் நீலம் செய்தார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. எந்தத் தொழில் அவுரி விவசாயியை ஒழித்ததோ, அந்தத் தொழிலின் மண்ணில் நின்றுகொண்டிருந்தேன், அவ்வளவுதான்.

மாசை அகற்றிச் சுத்தம் செய்த பிறகுதான் களம் அமைத்திருக்கிறார்கள். பராமரிப்பாளர் இன்றும் மண்ணைத் தவறாமல் பரிசோதனைக்கு அனுப்புகிறார். அதைக் கேட்டபோது என் மனம் அங்கே இல்லை. நொய்யலுக்குப் போய்விட்டது.

ஒரத்துப்பாளையம் அணை 1992-ல் பாசனத்துக்காகத் திறக்கப்பட்டது. வந்து சேர்ந்ததோ திருப்பூரின் சாயத் தண்ணீர். பருத்தியில் சாயம் பிடிக்க உப்பைக் கொட்ட வேண்டும். சாயத்தை நிறம் பார்த்தாவது கண்டுபிடிக்கலாம். உப்பு கண்ணுக்குத் தெரியாது, மக்கவும் மக்காது. ஆயக்கட்டு விவசாயிகள் வருடக்கணக்கில் வழக்கு நடத்தி, 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் கழிவு வெளியேற்றும் சாய ஆலைகளை மூடச் சொன்னது. கழிவே வெளியேறாத சுத்திகரிப்பு முறை அதன் பிறகுதான் கட்டாயமாக நடைமுறைக்கு வந்தது. ஆனால் அதற்கு முன்னால் நிலத்தில் இறங்கிய உப்பு?

களர் மண்ணுக்கு ஜிப்சம் போட்டு, நல்ல தண்ணீரைத் தேக்கி, வடித்து, தக்கைப்பூண்டை மடக்கி உழச் சொல்கிறோம். முறை சரிதான். நல்ல தண்ணீரும் அதை வடிக்க ஒரு வடிகாலும் இருந்தால் பலிக்கும். கிணறே உப்பாகிவிட்ட இடத்தில் எதைத் தேக்குவது, எங்கே வடிப்பது?

ஊர் திரும்பிய பிறகு நொய்யல் கரையில் எனக்குத் தெரிந்த ஒரு விவசாயியிடம் கைப்பேசியில் எடுத்த படங்களைக் காட்டினேன். எழுபதை நெருங்குகிறவர். தென்னை பட்டுப்போய், இப்போது கொஞ்சம் சோளத்தட்டும் நாலு மாடும் வைத்திருக்கிறார். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு ஒவ்வொரு படமாகப் பார்த்தார்.

"இத்தனையும் சாயம் எறங்குன மண்ணுங்களா?"

"ஆமாங்க."

"ஆருங்க செலவு பண்ணுனது?"

"ஆலையை மூடுன பிறகு நிலத்தை மாநகராட்சி வாங்குச்சுங்க. கட்டுனது கிளப்பு. அதுக்கு மொதலாளி அபுதாபிக்காரருங்க."

கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. கைப்பேசியைத் திருப்பிக் கொடுத்தார்.

"நம்மூர்ல பந்து வெளையாட ஆரும் வரமாட்டாங்களாட்ட இருக்குதுங்க" என்று சிரித்துவிட்டு, கயிறு கட்டிய வாளியை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தார். தண்ணீர் மாதிரிக்குக் கொண்டுவந்திருந்த புட்டியை எடுத்துக்கொண்டு நானும் கிணற்றடிக்குப் போனேன்.