நாணயம்

காசுக்கும் நேர்மைக்கும் தமிழில் 'நாணயம்' என்று ஒரே பெயரை வைத்துவிட்டார்கள். வைத்தவர் எந்த மகானுபாவரோ தெரியாது. பழங்காசு வியாபாரியாக மட்டும் இருந்திருக்க முடியாது!

எனக்குப் பழங்காசுகளில் ஒரு பைத்தியம் உண்டு. சில வருஷங்களுக்கு முன் சென்னையில் ஒரு வியாபாரி, 'ராஜராஜன் காசு' என்று சொல்லி ஒரு செப்புக் காசை எண்ணூறு ரூபாய்க்குக் கொடுத்தார். ஒரு புறம் நிற்கும் உருவம், மறு புறம் அமர்ந்த உருவம், பக்கத்தில் நாகரி எழுத்தில் அரசன் பெயர். எல்லாம் லட்சணமாகவே இருந்தன. விஷயம் தெரிந்த நண்பர் ஒருவர் விளிம்பைத் தடவிப் பார்த்தார். சுற்றிலும் மெல்லிய கோடு ஓடிற்று. "சோழர் காசு முத்திரை அடித்துச் செய்தது. இது உருக்கி வார்த்தது. இரண்டு அச்சும் பொருந்திய இடம்தான் இந்தக் கோடு" என்றார்.

கோபத்துடன் கடைக்குப் போனேன். "கையில் எடுத்துப் பார்த்துத்தானே வாங்கினீர்கள், ஸார்?" என்றார் வியாபாரி, வெகு மரியாதையாக. சொன்ன பொருள் ஒன்று, கொடுத்த பொருள் வேறு என்றால் 1930-ஆம் வருஷத்துச் சரக்கு விற்பனைச் சட்டத்தில் வழி உண்டு. ஆனால் ரசீதில் 'செப்புக் காசு 1' என்றுதான் இருந்தது. ராஜராஜன் பெயரை எழுதித் தரும்படி நான் கேட்கவில்லை. விற்கிறவன் கெட்டிக்காரன், வாங்குகிறவன் அப்பாவி என்று தீர்மானித்துக்கொண்டு வீடு திரும்பினேன்.

அந்தத் தீர்மானம் கங்கைகொண்ட சோழபுரத்தில் கவிழ்ந்தது.

ராஜேந்திரன் கட்டிய கோயிலைப் பார்த்துவிட்டு வெளியே வந்தேன். வெள்ளரிப்பிஞ்சு விற்ற மூதாட்டி ஒருத்தி முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். "எங்க கொல்லையில உழுதப்போ கெடச்சுது. ஒரு பத்து ரூவா குடுங்க, சாமி."

வெள்ளிக் காசு. உட்கார்ந்த புலி, பக்கத்தில் மீன், தேய்ந்த நாகரி எழுத்துக்கள். விளிம்பைத் தடவினேன், கோடு இல்லை. பத்து ரூபாய் நோட்டு என் கைக்கு எப்படி வந்ததோ! 'அவளும் கையில் வைத்துப் பார்த்துத்தானே விற்கிறாள்?' என்று மனம் வாதாடிற்று. எங்கோ கேட்ட குரலாக இருந்தது. சென்னை வியாபாரியின் குரலேதான்.

ரோமாபுரியில் ஸ்கேவோலா என்பவர் ஒரு நிலம் வாங்கப் போனார். விற்றவர் சொன்ன விலை குறைவென்று பட்டதால், தாமாகவே ஒரு லட்சம் செஸ்டர்ஸ் கூட்டிக் கொடுத்தாராம். நல்லவர் செய்கிற காரியம்தான், புத்திசாலி செய்கிற காரியமல்ல என்று பேசியவர்களைப் பற்றியும் ஸிஸெரோ எழுதியிருக்கிறார்.

எனக்கோ கூட்டிக் கொடுத்து வாங்கவும் வழியில்லை. 1878-ஆம் வருஷத்துப் புதையல் சட்டப்படி, மண்ணில் கிடைத்த பொருள் பத்து ரூபாய்க்கு மேல் பெறுமானால் கலெக்டருக்கு எழுதித் தெரிவிக்க வேண்டும். அவள் கேட்டதும் சரியாகப் பத்து ரூபாய்! அவள் சொன்ன விலையைப் பிடித்துக்கொண்டால் சட்டம்கூட என்னைத் தொடாது என்று மனசாட்சியைத் தூங்கவைத்துவிடலாம். ஆனால் காசின் பெறுமானம் எங்கள் இருவரில் எனக்குத் தெரியுமே!

"ஆயா, இது ஆயிரக்கணக்கில் பெறும். யாருக்கும் விற்காதீர்கள். அரியலூர்க் கலெக்டருக்கு எழுதுங்கள்" என்றேன். சர்க்காரும் ஸ்கேவோலா அல்ல என்பதையும் மறைக்கவில்லை. காசை எடுத்துக்கொண்டால், அதிலுள்ள வெள்ளியின் மதிப்பும் அதில் ஐந்தில் ஒரு பங்கும்தான் சட்டம் சொல்லும் தொகை. வேண்டாமென்று விட்டுவிட்டால், உரிமைக்காரர் வேறு யாரும் இல்லாதபோது, கொல்லைக்குச் சொந்தக்காரிக்கே காசு.

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "அவ்வளவு பெறும்னா நீங்க எதுக்கு நோட்டை எடுத்தீங்க, சாமி?"

பதில் சொல்லச் சங்கடமாக இருந்தது. "பத்து ரூபாய்க்கே வாங்கிவிடலாம் என்றுதான், ஆயா."

அவள் காசை மறுபடி முடிந்துகொண்டாள். "பேரன் வந்ததும் எழுதச் சொல்றேன்" என்றவள், நோட்டைப் பார்த்தாள். "வெள்ளரிப்பிஞ்சாவது வாங்கிக்குங்க. அது பத்து ரூவாதான்."

வாங்கிக்கொண்டேன்.