மாங்காய்ப் பூட்டின் இடது தோள்

கொடைக்கானல் ஆனந்தகிரியில் அண்ணன் வீட்டு வாசலில் தொங்குவது திண்டுக்கல் மாங்காய்ப் பூட்டு. அதைக் கழற்றி மேசைமேல் வைத்தாள் அண்ணன் மகள். "அத்தை, இன்னிக்கு இதான் பாடம்." கணினி விளையாட்டுகளுக்கு முப்பரிமாணப் பொருள்கள் செய்து கொடுப்பது அவள் வேலை. பதினோரு மணிக்கே எதிர்வீட்டை மூடுபனி விழுங்கியிருந்தது.

எனக்கு ரோபோ செய்ய ஆசை. மறுத்துவிட்டாள். "ரோபோவுல தப்பு பண்ணா யாருக்குத் தெரியும்? பூட்டுல பண்ணா பால்காரருக்குக்கூடத் தெரியும்."

பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளைத் திறந்தோம். டச்சுக்காரர் டோன் ரோசெண்டால் உருவாக்கியது. 2002-இல் பொதுமக்களிடம் ஒரு லட்சம் யூரோ திரட்டி அதன் மூலநிரலை எல்லாருக்கும் திறந்துவிட்டார்கள். என் பழைய மடிக்கணினிக்கு அந்தப் புண்ணியம் போதும்.

முதலில் வெர்னியரால் அளவெடுத்தோம். வளையம் சுலபம்: வளைகோடு ஒன்றை வரைந்து தடிமன் கொடுத்தால் முடிந்தது. உடலுக்கு ஓர் உருளையைத் தட்டையாக்கி, மிரர் என்ற வசதியைப் போட்டாள். வலது பாதியை நான் இழுக்க இழுக்க, இடது பாதி தானே நகர்ந்தது. சோம்பேறிக்கு வரம்!

சாவித் துவாரத்தில்தான் மாட்டிக்கொண்டேன். சின்ன உருளையும் கட்டையும் சேர்ந்த ஓர் உருவத்தைப் பூட்டுக்குள் செருகி, பூலியன் கருவியால் கழித்தால் ஓட்டை விழுகிறது. விழுந்தது, கூடவே சுற்றிலும் எண்ணெய் பட்ட காகிதம்போல் கறை. மெஷ் எனும் வலைப்பரப்பின் நாற்கோணங்கள் எல்லாம் சிதைந்து, ஒளி எந்தப் பக்கம் திரும்புவதென்று தெரியாமல் குழம்புவதால் வருவது. துவாரத்தைச் சுற்றி நாற்கோணங்களை வரிசைவரிசையாக மறுபடி அடுக்கவே ஒரு மணி நேரம் போயிற்று. நடுவில் இரண்டு டீ.

அப்படியும் என் பூட்டு அட்டையில் வெட்டியதுபோலவே இருந்தது. நிஜப் பூட்டை ஜன்னலோரம் பிடித்துக் காட்டினாள். விளிம்பு நெடுக ஒரு மெல்லிய வெள்ளைக் கோடு. உலகத்தில் எந்த விளிம்பும் முழுக் கூர்மையாக இல்லை. கணினியில்தான் அப்படி இருக்கிறது. அதனால் அங்கே ஒளி விழ இடமே இல்லை. விளிம்புகளைத் தேர்ந்து கன்ட்ரோலையும் பி-யையும் அழுத்தினேன்; விளிம்பை மழுக்கும் பெவல் வந்தது. முதலில் பேராசைப்பட்டு பெவலை அகலமாக்கியதில் பூட்டு சோப்புக்கட்டி ஆனது. ஒரு மயிரிழை அளவுக்குக் குறைத்தபோது சட்டென்று அதற்குக் கனம் வந்தது. கையில் எடுத்தால் இரும்பு குளிரும் என்று தோன்றியது.

ஆனால் வாசல் பூட்டு இது இல்லை. ஏதோ இடிக்கிறது. மேசைமேல் கிடந்ததை மறுபடி பார்த்தேன். இடது தோள் கொஞ்சம் சரிந்திருக்கிறது, கீழே ஓர் ஆணி நடுவை விட்டு விலகியிருக்கிறது. யாரோ கையால் அரம்போட்டுத் தேய்த்த பொருள். 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற திண்டுக்கல் பூட்டு இது. இருபது வருஷமாக இந்த வீட்டுக்கு வந்துபோகிறேன், அந்தத் தோள் என் கண்ணில் பட்டதே இல்லை.

"மிரரை அப்ளை பண்ணிடுங்க அத்தை. இனிமே ரெண்டு பாதியும் தனித்தனி."

சிற்பப் பகுதிக்குப் போய், களிமண்ணைப் பிடித்து இழுப்பதுபோல் தூரிகையால் இடது தோளைக் கீழே இறக்கினேன். ஆணியை அரை மில்லிமீட்டர் தள்ளினேன்.

வாசலிலிருந்து அண்ணன் குரல்: "சந்தைக்குப் போகணும், பூட்டு எங்கம்மா?"

"பத்து நிமிஷம்ப்பா. சாவி இன்னும் பாக்கி."