மேட்டு வீட்டுச் சுவரும் பள்ளத்து வீட்டுக் கானும்

மலைப்பங்கில் பணியாற்றும் குருக்களுக்குச் சமவெளிக் குருக்கள் அறியாத கவலை ஒன்று உண்டு. அது சுவரைப் பற்றிய கவலை. சமவெளியில் சுவர் என்பது வீட்டைச் சுற்றி நிற்பது; ஆடு மாடு புகாமல் தடுப்பது; தேர்தல் காலத்தில் எழுத்துகளைச் சுமப்பது. மலையிலோ வீடே சுவரின் தயவில் நிற்கிறது. மேல் வீட்டாரின் முற்றத்தைத் தாங்கும் சுவர், கீழ் வீட்டாரின் சமையற்கட்டுக்குப் பின்புறம் எழுந்து நிற்கிறது. அங்கே ஒருவர் கட்டும் சுவர் இருவர் காரியம். குருமடத்தில் இதை நமக்கு எவரும் போதிக்கவில்லை. பிற்காலத்தில் நமது சொந்தத் தவற்றின் வாயிலாகவே அறிந்துகொண்டோம்.

குன்னூருக்கும் கோத்தகிரிக்கும் இடையே, தேயிலைச் சரிவில் அமைந்த ஒரு பங்கிற்கு 2016-ஆம் ஆண்டு நாம் அனுப்பப்பட்டோம். சாலையிலிருந்து பங்கு இல்லத்தை அடைய 42 படிகள் ஏறவேண்டும். முதியோர் நடுவில் இருமுறை அமர்ந்து இளைப்பாறுவர். எரிவாயு உருளையைத் தோளில் சுமந்து வரும் இளைஞர் நம் காதில் விழும்படியாகவே முணுமுணுப்பார். ஊரில் மற்றையோரும் வீட்டு வாசல் வரை வண்டி வரவேண்டும் என்று ஆசைப்படத் தொடங்கிய காலம் அது. வாகனக் கடன் வங்கியில் எளிதாகக் கிடைத்தது. வாகனம் ஏறிச் செல்லப் பாதைதான் கிடைக்கவில்லை. ஆகவே சரிவின் மேற்பக்கத்தை வெட்டி, அந்த மண்ணைக் கீழ்ப்பக்கத்தில் கொட்டி, அது சரியாமலிருக்க ஒரு தடுப்புச்சுவரை எழுப்பி, ஆளுக்கொரு வண்டிப்பாதை அமைத்தார்கள். நாமும் 2017-ஆம் ஆண்டு தை மாதத்தில் அவ்வாறே செய்தோம்.

அறுபது அடி நீளப் பாதை. கீழ்ப்பக்கச் சுவர் மிகுந்த இடத்தில் 9 அடி உயரம். கருங்கல்லும் சிமெண்டுக் கலவையும் கொண்டு கட்டினோம். கொத்தனார் அனுபவசாலி. ஐந்தடிக்கு ஒன்றாக இரண்டு வரிசையில் குழாய்த் துண்டுகளைப் பதித்து நீர் வடியத் துளைகள் விட்டிருந்தார். ஆனால் சுவரின் அடி அகலம் இரண்டரை அடிதான். அதற்குமேல் செலவிட வேண்டாம் என்று கையை இறுக்கியவர்கள் நாம். கொட்டிய மண்ணையும் அரையடிக்கு அரையடி நீர் தெளித்துத் திமிசுக்கட்டையால் இடித்து இறுக்காமல், லாரியிலிருந்து விழுந்தபடியே நிரவிவிட்டோம். திருவிழாவுக்கு முன் பாதை முடியவேண்டும் என்னும் அவசரம்.

சுவருக்குக் கீழே ஒரு சிறு வீடு. அதில் வாழ்ந்த அம்மையார், 1964-ஆம் ஆண்டு சிறீமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தின்பின் இலங்கை மலையகத்திலிருந்து வந்த தாயகம் திரும்பியோர் குடும்பத்தைச் சேர்ந்தவர். சிறுமியாய்த் தந்தையோடு கப்பலேறி வந்து, நீலகிரியிலும் தேயிலையே பறித்துக் காலம் தள்ளியவர். முதல் மழைக்காலத்திலேயே அவர் நம்மிடம் வந்தார்.

“சாமி, உங்கள் சுவர்த் துளைகளிலிருந்து வடிகிற தண்ணீர் எங்கள் பின்வாசலில்தான் நிற்கிறது. சமையற்கட்டில் ஈரம் காய்கிறதே இல்லை. ஒரு கான் வெட்டிவிட்டால் போதும்” என்றார்.

வாசக நேயர்கள் நகைக்கக்கூடும். தமிழிலக்கியம் சிறிது கற்ற நமக்குக் கான் என்றால் காடு. காட்டை ஏன் வெட்டவேண்டும் என்று விளங்காமல், பின்னால் நிற்கும் இரண்டு சீமைச் சவுக்கு மரங்களைச் சொல்கிறார் போலும் என எண்ணிக்கொண்டோம். என்ன பொருள் என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. தெரியாததைத் தெரியாதது என்று ஒரு தோட்டத் தொழிலாளியிடம் ஒப்புக்கொள்ளும் பழக்கம் அந்நாளில் நமக்கு இல்லை. அவர் ஈரத்தால் துன்புறுகிறார் என்பது மட்டும் புரிந்தது. ஈரம் துளைகளின் வழியே வருகிறது. துளைகளை அடைத்துவிட்டால் துன்பம் நீங்கும். இப்படி எண்ணி, 2018-ஆம் ஆண்டு கொத்தனாரை அழைத்து எல்லாத் துளைகளையும் கலவையால் அடைத்துச் சுவர் முழுவதும் வழவழப்பாகப் பூசச் சொன்னோம்.

அவர் தயங்கினார். “தண்ணி எங்கே போகும் சாமி?” என்றார்.

“மண் குடித்துக்கொள்ளும்” என்றோம்.

ஓராண்டு ஒன்றும் நேரவில்லை. அம்மையாரின் பின்வாசல் காய்ந்திருந்தது. நன்மை செய்துவிட்டோம் என்னும் மகிழ்ச்சியில் இருந்தோம். 2019-ஆம் ஆண்டு ஐப்பசியில் அவர் மீண்டும் வந்து, “சுவர் வயிறு தள்ளுகிறது சாமி” என்றார். சென்று பார்த்தோம். நடுப்பகுதி நான்கு விரற்கடை முன்னே வந்திருந்தது. மேலே பாதையின் விளிம்பை ஒட்டி நீளவாக்கில் ஒரு வெடிப்பும் ஓடியிருந்தது. அவ்வெடிப்பில் மழைநீர் இறங்காதபடி சிமெண்டுப் பால் ஊற்றிவிட்டுத் திரும்பினோம்.

நீலகிரியின் மேற்குச் சரிவுகளுக்குத் தென்மேற்குப் பருவமழையும், குன்னூர், கோத்தகிரி போன்ற கிழக்குச் சரிவுகளுக்கு வடகிழக்குப் பருவமழையும் மிகுதி. 1993 நவம்பரில் மரப்பாலத்தில் மலை சரிந்தது. 2009 நவம்பரில் நீலகிரி மாவட்டத்தில் மண்சரிவுகளில் 40-க்கு மேற்பட்டோர் மாண்டனர். இவை ஊரார் வாயிலாக நாம் பலமுறை கேட்டவையே. கேட்டது ஒன்று, நமது சுவரோடு சேர்த்து நினைத்துப் பார்ப்பது வேறொன்று. அந்த 2019 நவம்பரில், இரண்டு நாள் விடாத மழைக்குப்பின், இரவு இரண்டு மணியளவில் ஓர் ஓசை கேட்டது. இடி என்றே எண்ணினோம். டார்ச்சுடன் வெளியே வந்தபோது, பாதையில் இருபதடி நீளம் இல்லை.

கல்லும் சேறும் அம்மையாரின் சமையற்கட்டுக் கூரையை முறித்து உள்ளே இறங்கியிருந்தன. அடுப்பும் அம்மிக்கல்லும் புதைந்து போயின. வழக்கமாய் அச்சமையற்கட்டின் கதகதப்பில்தான் இரண்டு பேரப் பிள்ளைகளும் படுப்பார்களாம். சுவர் வயிறு தள்ளியதைக் கண்ட நாள்முதல் அவர்களை முன்னறைக்கு மாற்றியிருந்தார். நம்முடைய சிமெண்டுப் பாலை அவர் நம்பவில்லை. அதனால் இரு பிள்ளைகள் உயிரோடிருக்கின்றனர். அன்றிரவு அவர் நம்மை ஒரு சொல்லும் கடிந்துகொள்ளவில்லை. விடிந்தபின் மட்டும், “அடைக்கச் சொல்லவில்லையே சாமி, கான் வெட்டத்தானே சொன்னேன்” என்றார். அப்போதுதான் கான் என்றால் என்னவென்று கேட்டோம்.

இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் கான் என்பது வடிகால். மலைச் சரிவின் குறுக்கே, மெல்லிய வாட்டத்தில், மழைநீரை ஓடவிடாமல் நடக்கவிடும்படி வெட்டப்படும் ஓடை. இடையிடையே சிறு குழிகள் விட்டு, அடித்துவரும் மண்ணை அவற்றில் தங்கச் செய்வார்கள். அம்மையாரின் தந்தை வாழ்நாளெல்லாம் கான் வெட்டியவர். நீர் சரிவில் எப்படி நடக்கும் என்பதை அந்தக் குடும்பம் அறிந்த அளவு நாம் அறிந்திருக்க வழியில்லை.

நிற்க. பங்கில் ஓய்வுபெற்ற பொறியாளர் ஒருவர் இருந்தார். அவர் சுவர் இடிந்த காரணத்தை நமது மேசைமீது ஒரு காகிதத்தில் வரைந்து காட்டினார். சுவரைத் தள்ளும் மண்ணின் அழுத்தம் மேலே சிறிதாகவும் கீழே பெரிதாகவும் முக்கோண வடிவில் இருக்கிறது. உயரம் இருமடங்கானால் தள்ளும் விசை நான்கு மடங்காகும்; கவிழ்க்கும் வலிமை எட்டு மடங்காகும். மூன்றடிச் சுவர் கட்டிப் பழகிய கை, அதே கணக்கில் ஒன்பதடி கட்டினால் வரும் கேடு இதுவே. இக்கணக்கை வகுத்தவர்களுள் முன்னோடி கூலோம் என்னும் பிரெஞ்சு நாட்டுப் படைப் பொறியாளர். மார்ட்டினிக் தீவில் கோட்டை கட்டும் பணியில் பல ஆண்டுகள் இருந்துவிட்டு வந்து, 1773-ஆம் ஆண்டு பாரிசு அறிவியல் கழகத்தில் தமது ஆய்வைப் படித்தார். மின்னூட்டங்களுக்கு விதி கண்டவர் என்று மட்டுமே நாம் கல்லூரியில் அவரைக் கேள்வியுற்றிருந்தோம்.

“ஆனாலும் ஃபாதர், உங்கள் சுவரைத் தள்ளியது மண்ணன்று, தண்ணீர்” என்றார் பொறியாளர். நீர் வடிந்துவிடும் மண் ஓரளவு தன்னைத்தானே தாங்கிக்கொள்ளும். துகளைத் துகள் பிடித்துக்கொள்ளும். நீர் அவ்வாறு எதையும் பிடித்துக்கொள்ளாது. தன் எடை முழுவதையும் கொண்டு பக்கவாட்டில் தள்ளும். சுவரின் முதுகுப்புறம் முகடுவரை நீர் நிரம்பினால், மொத்தத் தள்ளல் இருமடங்குக்கு மேலாகிவிடும். முகட்டின் ஓரத்தில் வண்டியையும் நிறுத்தினால் மேலும் அரை மீட்டர் உயரத்துக்கு மண் கொட்டியதற்கு ஒப்பாகும். நாம் வண்டியையும் அங்கேதான் நிறுத்திவந்தோம்.

பங்குப் பேரவை கூடியபோது, முதலில் அம்மையாரின் சமையற்கட்டு, பிறகே சுவர் என்று முடிவாயிற்று. சுவரை அடுத்த தை மாதத்தில்தான் தொடங்கினோம். மழை முடிந்து, மண் உலர்ந்து, அடுத்த மழைக்கு முன் முடித்துவிடக்கூடிய காலம் தை முதல் பங்குனி வரைதான். இவ்வேளையில் ஒன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறோம். சுவர் நின்றபின் வரும் ஆபத்தைவிட, சுவருக்கு வானம் தோண்டும்போது வரும் ஆபத்துப் பெரிது. 2024 பிப்ரவரியில் உதகையை அடுத்த லவ்டேலில், தடுப்புச்சுவருக்காக மண் தோண்டிக்கொண்டிருந்தபோது மேலேயிருந்த பழைய கட்டடம் இடிந்து விழுந்து, 6 பெண் தொழிலாளர் மாண்டனர். அது மழைக்காலமும் அன்று. சரிவின் காலை ஒரே நாளில் நெடுக வெட்டுவது, நிற்பவனின் காலை வாருவதற்குச் சமம். எட்டடி தோண்டி, அதைக் கட்டி மேலேற்றி, அதன்பின் அடுத்த எட்டடியைத் தொடவேண்டும். மண்ணள்ளும் இயந்திரம் ஒரு மணி நேரத்தில் முடித்துத் தருகிறேன் என்று ஆசை காட்டும். அரசின் அனுமதியின்றி அதை மலையில் இறக்கலாகாது என்னும் விதி வெறும் தொல்லைக்காக எழுந்ததன்று. கூலி மிச்சமாகிறது என்று தோண்டச் சொல்பவர் மேலே நின்றுகொண்டிருக்கிறார். கீழே குழியில் நிற்பவரோ பெரும்பாலும் சித்தாளாக வந்த ஒரு தாய்.

இம்முறை ஒரே 9 அடிச் சுவராக எழுப்பாமல், இரண்டு நாலரை அடிச் சுவர்களாக, நடுவே போதிய அகலமுள்ள திண்டுவிட்டுக் கட்டினோம். பாதையின் அகலத்தில் சிறிது குறைந்தது. ஒவ்வொன்றின் அடி அகலமும் உயரத்தில் பாதிக்கு மேல். முகம் நேர்குத்தாக நில்லாமல் மலைப்பக்கம் சற்றே சாய்ந்திருக்கும். முகத்திலிருந்து முதுகுவரை குறுக்கே ஓடும் நீண்ட கற்களை இடையிடையே வைத்தார் கொத்தனார். முதுகுப்புறம் ஓரடி தடிமனுக்கு மண்ணே போடாமல் ஜல்லி நிரப்பினோம்; மண் வந்து ஜல்லியை அடைக்காதிருக்க இரண்டிற்கும் நடுவே வடிகட்டும் துணிவிரிப்பு. துளைகள் வெளிப்பக்கம் வாட்டமாக. பாதையின் தளத்தையும் மலைப்பக்கம் சரித்து, மேல்நீர் சுவரின்மேல் வழியாமல் உள்ளோரத்து ஓடையில் ஓடும்படி செய்தோம். பூச்சுப் பூசவில்லை. பார்வைக்கு அழகில்லை என்று சிலர் குறைப்பட்டனர்.

மீதமிருந்தது கான். துளைகளின் நீர் அம்மையாரின் வாசலில் நில்லாமல் சாலையோர வடிகாலைச் சேரவேண்டுமானால், சுவரின் அடியில் ஒன்றரை அடி அகல ஓடை வேண்டும். அந்த ஒன்றரை அடி அவருடைய நிலம். கேட்கவே நா எழவில்லை. அவர் தம் மகனை அழைத்து, கயிறு பிடித்துத் தாமே அளந்து கொடுத்தார். வாட்டம் எப்படியிருக்கவேண்டும் என்பதில் மட்டும் பொறியாளரின் ரசமட்டத்துக்கும் அவருக்கும் சிறு வாக்குவாதம் எழுந்தது. வேகமாய் ஓடினால் அரித்துவிடும், மெதுவாய் ஓடினால் தேங்கிவிடும் என்றார் அம்மையார். ஒரு குடம் நீரை ஊற்றி, அது செல்வதைக் குனிந்து பார்த்து, இரண்டிடத்தில் கல்லை மாற்றச் சொன்னார். நிலத்தைப் பயன்படுத்துவதற்கும், கானை ஆண்டுதோறும் பங்கு தன் செலவில் தூர்வாருவதற்கும் பத்திரத்தில் எழுதிக் கையொப்பமிட்டோம். நமக்குப் பின் வரும் குரு யாரோ, அவருக்கும் இவருக்கும் எழுத்து இருப்பது நல்லதன்றோ.

2022-இல் நாம் சமவெளிப் பங்கு ஒன்றிற்கு மாற்றப்பட்டோம். அதன்பின் ஒரு கார்த்திகை மாதத்தில் திருமணம் ஒன்றின்பொருட்டு அங்கே செல்ல நேர்ந்தது. நல்ல மழை. நமது கண்கள் கோயிலுக்கு முன் சுவரைத்தான் தேடின. கீழ்ச்சுவரில் பதினொரு துளைகள். ஒவ்வொன்றாய் எண்ணிக்கொண்டு வந்தோம். பத்தில் நீர் வடிந்தது. நான்காவது துளை மட்டும் உலர்ந்திருந்தது.

அம்மையார் ஏற்கெனவே அதன் எதிரில் நின்றுகொண்டிருந்தார். கையில் ஒரு பழைய குடைக்கம்பி. “வேர் வந்து அடைத்திருக்கிறது சாமி. காலையிலிருந்தே பார்க்கிறேன்” என்றார். நாம் குடையை அவர் தலைக்குமேல் பிடித்துக்கொண்டோம். அவர் கம்பியை உள்ளே செலுத்தித் திருகித் திருகி இழுத்தார். ஒரு பிடி வேர் வந்தது; பின்னால் கலங்கலாய்ச் சிறிது நீர் வந்தது. கலங்கல் நில்லாவிட்டால் உள்ளே மண் கரைகிறது என்று பொருள். ஆகவே இருவரும் அங்கேயே நின்றோம். திருமண வீட்டார் மேலேயிருந்து அழைத்துக்கொண்டிருந்தனர். நீர் தெளிய ஏறக்குறைய கால்மணி நேரம் ஆயிற்று.